கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாந்த மருந்து வழங்கும் நாட்களில், பொழுது புலருமுன்னே வாயிலருகிற் சென்று நிற்பவர் ஒரு காட்சியைக் காணலாம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த முதியவர்கள் மதிலோரமாகக் குந்தியிருப்பர். கையில் ஒரு துணிப்பை. அதனுள் கிளினிக் கொப்பி, பழைய மருந்துறைகள், ஒரு போத்தலில் தேநீர். முதல் பஸ் வண்டியைப் பிடிப்பதற்காகச் சாமம் கழிந்ததுமே லயத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் இவர்கள். டோர்ச் வெளிச்சத்திலே குறுக்குப் பாதையால் இறங்கிப் பெருந்தெருவை அடைவதற்கே பலருக்கு ஒரு மணி நேரம் செல்லும். இறங்க இயலாதவர் முச்சக்கர வண்டியை லயத்தடிக்கு வரவழைக்க வேண்டும். கல்லும் பள்ளமுமான தோட்டப் பாதையில் ஏறி வருவதற்குச் சாரதி கேட்கும் கூலி, பட்டணத்திலே அதே தூரத்துக்குக் கேட்கும் கூலியன்று. இந்நாட்டில் வைத்தியம் இலவசம், மாத்திரையும் இலவசம். ஆயினும் மாத்திரையிடம் வந்து சேர்வது இலவசமன்று.

அவ்வாறு வந்திருந்த மூதாட்டி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். “வீடு எங்கே இருக்கிறது, பாட்டி?” என்று கேட்டேன். “நமக்கு ஏது சார் வீடு? மருமக கொழுந்துக்குப் போறா, அதனால காம்பரா இருக்கு. அவ நின்னுட்டா அதுவும் இல்ல” என்றார். அந்த விடையைக் குறை கூறலாக அவர் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். ஊவாத் தோட்டங்களின் முதியோர் பிரச்சினை முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றிற்று.

முதியோருக்கான வீடு என்னும் பேச்சு இன்று பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகின்றது. இலங்கை விரைவாக முதுமையடையும் நாடு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12.4 பேர், அதாவது எட்டுப் பேரில் ஒருவர். அதன் பின்னர் இவ்வீதம் மேலும் உயர்ந்திருக்கின்றது. ஆனால் நாம் வாசிக்கும் கட்டுரைகளெல்லாம் பெரும்பாலும் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் மனத்திற் கொண்டவை. மாதம் இவ்வளவு பணம் கட்டினால் அறையும் உணவும் தாதியும் கிடைக்கும் என்பதும், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவர் என்பதும், ஞாயிற்றுக்கிழமைகளில் உறவினர் மோட்டார் வண்டியில் வந்து பார்த்துச் செல்வர் என்பதும் அவற்றின் அடிப்படை. பதுளை மாவட்டத்துத் தோட்டத்திலே இம்மூன்றும் இல்லை. கையிலே பணம் இல்லை. பிள்ளை இருக்குமிடம் அவுஸ்திரேலியாவன்று, புறக்கோட்டைக் கடையொன்று. மோட்டார் வண்டியோ கனவிலும் இல்லை. ஆகவே இங்கு கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டியிருக்கின்றது. எத்தகைய வீடு என்பது பின்னர். எங்கே, எவருக்கு அருகில், எந்தப் பாதையோரத்தில் என்பதே முதற் கேள்வி.

இதனை விளங்கிக் கொள்வதற்கு லயம் என்பது என்ன என்று சற்று நினைத்துப் பார்த்தல் நலம். கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் அறுவடைக் காலத்துக்கு வந்து, முடிந்ததும் திரும்பிச் செல்பவராகவே பெரும்பாலும் இருந்தனர். அவர்களுக்கென எழுப்பப்பட்டவையே நீண்ட வரிசைக் கொட்டில்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக் கொண்டபோது நிலைமை மாறிற்று. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும்; அதிலும் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகத் தங்கினர். தொழில் மாறியது, குடியிருப்பின் வடிவம் மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு. அதனைத் திட்டமிட்டவர் மனத்தில் உழைக்கும் உடல் ஒன்றே இருந்தது. அந்த உடல் ஒருநாள் உழைப்பை நிறுத்திவிட்டு இருபது வருடம் உயிரோடிருக்கக் கூடும் என்னும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. காம்பராவில் மகனுக்குத் திருமணம் நிகழ்ந்தால் தகப்பன் இஸ்தோப்புக்கு வருவான். இன்னொரு மகனுக்கும் நிகழ்ந்தால் இஸ்தோப்பையும் சாக்கினால் மறைத்து இரண்டாக்குவார்கள். பதுளைப் பகுதியில், ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப், ஒரே காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் உறங்க நேர்வதன் அவலத்தை ‘மீன்கள்’ என்னும் சிறுகதையாக்கினார். மலையக இலக்கியம் பயில்வோர் அனைவரும் அறிந்த கதை. அதனை ஈண்டு விரிப்பது வேண்டா.

லயத்தைப் புகழ்வதற்கு எவரும் துணியார். எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அந்த நெருக்கத்திலே முதியவருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. மகள் அடுத்த தொங்கலில் இருப்பாள். தம்பி பணியலயத்தில் இருப்பான். இருமினால் சுவருக்கு அப்பால் கேட்கும். இரவில் இருமல் நின்றுபோனால் அதுவும் கேட்கும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, பேரன் பாடசாலை விட்டு வரும்வரை அடுப்பை அணையாது காக்கும் தாத்தா என்று வயதானவருக்கு ஒரு பணியும் இருந்தது. பழைய லயம் முதியவருக்கு இடம் கொடுக்கவில்லை, அண்மையைக் கொடுத்தது. இன்று நாம் எழுப்பும் புதிய வீடுகளோ இடத்தைக் கொடுக்கின்றன. அண்மையைப் பற்றி அவை சிந்திப்பதில்லை. இக்கட்டுரை சொல்ல விரும்புவதும் ஏறக்குறைய இவ்வளவே.

அந்த அண்மை முதன்முதலில் சிதறியது அரசியலால். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் ஆட்களை எண்ணிப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974இல் எட்டப்பட்டது. எண்ணப்பட்டவர்கள் தலைகள், குடும்பங்களல்ல. தாய் ஒரு நாட்டுக்கும் மணமான மகள் மறு நாட்டுக்கும் உரியவராயினர். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்தை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என அழைத்தனர். அன்று பிரிந்தவர்களுள் உயிரோடிருப்போர் இன்று முதியவர். நீலகிரியில் ஒருவரும் நமுனுகுலையில் ஒருவருமாக இருக்கின்றனர்.

இரண்டாவது சிதறல் அரவமின்றி நடந்தது, இன்னும் நடக்கின்றது. தோட்டத்துப் பிள்ளைகள் படித்தனர். தோட்டத்து வேலையை வெறுத்தனர். வெறுத்தது நியாயமே. கொழும்பின் கடைகளுக்கும் சுதந்திர வர்த்தக வலய ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்கின் வீடுகளுக்கும் அவர்கள் சென்றனர். எஞ்சியிருப்போர் வயோதிபரும் சிறுவரும், இடையே கொழுந்துக்குப் போகும் ஒருத்தியும். அந்த ஒருத்தியின் பெயர் செக்ரோலில் இருக்கும் வரையில் காம்பராவைப் பற்றி எவரும் கேள்வி கேட்பதில்லை. வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும் என்பதே தோட்டத்தின் எழுதாத விதி. நடைமுறையில், வேலை செய்வார் இல்லாத வீட்டிலும் முதியவர்கள் ஆண்டுக்கணக்கில் இருக்கத்தான் செய்கின்றனர். துரைமார் பலர் கண்டும் காணாதது போல விட்டு விடுவர். ஆனால் கருணையினால் கிடைக்கும் கூரைக்கும் உரிமையினால் கிடைக்கும் கூரைக்கும் உள்ள வேற்றுமையை, கூரைத் தகரம் பறக்கும்போது அறியலாம். கருணையால் இருப்பவர் பழுதுபார்க்கச் சொல்லிக் கேட்க இயலாது.

நிலம் எவருடையது என்று வினவினாலும் தெளிவான விடை கிடைப்பது அரிது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டு, பின்னர் 53 ஆண்டுக் குத்தகை ஏற்பட்டது. வீட்டைக் கேட்டால் கம்பனி அரசைக் காட்டும். அரசு கம்பனியைக் காட்டும். கடல் கடந்தும் இக்கதை இவ்வாறே. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் 1929 முதல் 99 ஆண்டுக் குத்தகையில் நடந்த தோட்டத்திலே, குத்தகை முடிவதற்குச் சில ஆண்டுகள் இருக்கும்போதே, 2024இல் கம்பனி தொழிலாளரை விருப்ப ஓய்வில் விடுவித்தது. வேலை போனதோடு, மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த வீட்டையும் விட்டு மலையிறங்கும்படி அவர்கள் கேட்கப்பட்டனர். நம் குத்தகைகளுக்கும் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் முடிவு நாள் உண்டு என்பதை மாணவர்கள் குறித்து வைத்துக் கொள்க.

சரி, ஓய்வு பெற்றவர் தம் பணத்தில் ஒரு சிறு வீட்டைத் தேடிக் கொள்ளலாகாதா என்று கேட்போரும் உளர். கணக்குப் பார்ப்போம். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின்படி நாட்கூலித் தொழிலாளிக்கு, நிறைவுசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்கூலியைக் கொண்டு, முப்பது ஆண்டு உழைத்தவருக்கு எவ்வளவு வரும்? 5,67,000 ரூபா. இந்திய அரசின் உதவியோடு மலையகத்திலே 10,000 வீடுகளைக் கட்டும் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட உதவித்தொகை ஏறத்தாழ 28 இலட்சம் ரூபா; நிலத்தின் விலை அதில் இல்லை. ஆகவே ஓர் ஆயுட்கால உழைப்பின் பணிக்கொடை அத்தகைய வீட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் கட்டும்: அத்திவாரமும் அரைச் சுவரும். சேமலாப நிதி வேறு உண்டு. தொழிலாளியின் நூற்றுக்கு 8, கம்பனியின் நூற்றுக்கு 12. ஆனால் அந்தப் பணம் வந்து சேரும் நாளிலே அதற்குக் காத்திருப்போர் பலர்: மகளின் கலியாணக் கடன், பேரனின் படிப்பு, கடைக்காரரின் கொப்பி. அதன்பின் எஞ்சுவது வறிய முதியோருக்கு அரசு வழங்கும் கொடுப்பனவு. 2025இல் அது மாதம் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்ந்தது நன்று. ஆனால் 70 வயது நிரம்பியவருக்கே அது உரியது. மலையில் ஏறி இறங்கிய முழங்கால்கள் அறுபதுக்கு முன்னரே ஓய்ந்து விடுகின்றன.

தனி வீடு வாங்க வழியில்லை, காம்பராவோ நிச்சயமில்லை. அப்படியாயின் புதிய வீட்டுத் திட்டங்களில் முதியவரின் இடம் யாது?

புதிய வீடுகளை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஏழு பேர்ச்சஸ் நிலம், 550 சதுர அடி வீடு, இரண்டு அறை, தனிச் சமையற்கட்டு, தனி மலசலகூடம் என்பவை லயத்தில் பிறந்தவனுக்கு எத்தகைய பெரும் பேறு என்பதை லயத்தில் இராதவர் அறியார். 2025 அக்டோபரிலே பண்டாரவளையில் ஏறத்தாழ 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டபோது, அவற்றைக் கையில் ஏந்தியோர் பலரின் பாட்டனாரும் பூட்டனாரும் அத்தகைய ஒரு கடதாசியைக் கண்டதே இல்லை. ஆயினும் திட்டம் கணக்கிடுவது ஒரு குடும்பத்தை: கணவன், மனைவி, பிள்ளைகள். இரண்டு அறைகளில் ஒன்று தம்பதிகளுக்கு, ஒன்று பிள்ளைகளுக்கு. கிழவி எங்கே? லயத்தில் இஸ்தோப்பில் இருந்தவள் இங்கே முன்னறையின் மூலைக்கு வருகிறாள். அல்லது வராமலே, இடிந்துகொண்டிருக்கும் பழைய லயத்தில் தனியே நின்று விடுகிறாள். புதிய குடியிருப்பு இரண்டு மலைகளுக்கு அப்பால் இருந்தால், அவளுக்கும் மகனுக்கும் இடையே உள்ள தூரம் கொழும்புத் தூரமே.

மண்சரிவு இந்தக் கேள்வியை அவசரமாக்கி விட்டது. 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் மறைந்தன. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தப்பியவர்கள் மாகல்தெனியாவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு ஆண்டு காத்திருந்தனர். 2016 அக்டோபரில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. பின்னர் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண்சரிவினால் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் அறுந்தது. முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வழங்கப்படும் என அரசு அறிவித்தது. தொகை தாராளமானதே. ஆனால் ‘வீடு’ என்ற சொல்லில் சிக்கல் இருக்கின்றது. மகனின் காம்பராவின் இஸ்தோப்பில் சாக்கு மறைப்புக்குள் அடுப்பு மூட்டித் தனியே சமைத்துண்ட தாய் இழந்தது வீடா, அன்றா? பட்டியலில் மகனின் பெயர் இருக்கும். அவளோ அவனைச் சார்ந்தோர் என்ற தொகைக்குள் ஓர் எண்.

இனி, பாதைக்கு வருவோம். தோட்டத்துப் பாதைகளின் அமைப்பைக் கூர்ந்து நோக்கியவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பர். கரத்தைப் பாதை தொழிற்சாலைக்குச் செல்லும், பங்களாவுக்குச் செல்லும். லயத்துக்கு அநேகமாகச் செல்வது குறுக்குப் பாதையே. பாதைகள் தேயிலைப் பெட்டியின் வசதிக்காகப் போடப்பட்டவை. புகையிரதமும் அவ்வாறே: 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தது, தெமோதரையில் மலையைச் சுற்றி வளைந்து தன் பாதைக்கு அடியிலேயே நுழைந்து வரும் அந்த விந்தையைக் காண இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். சாளரத்தின் வழியே அவர்கள் படமெடுக்கும் மலைச் சரிவில், அந்த வண்டியில் ஏற வேண்டுமானால் முதலில் நிலையம் வரை நடக்க வேண்டிய கிழவர்கள் இருக்கின்றார்கள். தோட்டப் பாதைகளுக்குப் பிரதேச சபைகள் பணம் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. தடை நீங்கியது, பெட்டகத்தில் பணம் இருக்கின்றதா என்பது மறு கேள்வி. ஆனால் எல்லா இடத்திலும் காபட் பாதை வேண்டுமென்று யார் கேட்டார்? செங்குத்தான இறக்கத்தில் சீமெந்துப் படிகளும் ஒரு பக்கத்தில் கைபிடிக் குழாயும் போட்டாலே பல முதியவருக்கு ஒரு முச்சக்கர வண்டிக் கூலி மிஞ்சும்.

முதியோர் இல்லங்கள் இருக்கின்றனவே என்பர் சிலர். இருக்கின்றன. தர்ம சிந்தனையுள்ளோர் நடத்தும் இல்லங்கள் பலவற்றில் உணவும் படுக்கையும் பரிவும் குறைவின்றிக் கிடைக்கின்றன. யாருமற்றவர்க்கு அவை தெய்வச் செயல். தமிழ்ச் சூழலில் பெயர்பெற்ற அரச இல்லமோ யாழ்ப்பாணத்துக் கைதடியில் இருக்கின்றது. பசறையிலிருந்து அது எத்தனை மைல்! ஆனால் பெரும்பாலான தோட்டத்து முதியவர்கள் யாருமற்றவர்களல்லர். மகள் இருக்கிறாள், அவளுக்கு நாட்கூலி இருக்கின்றது. பட்டணத்து இல்லத்தில் தாயைப் பார்த்துவர இரண்டு பஸ் மாறிச் சென்றால் அன்றைய பேர் விழாது. ஒரு நாட்கூலியும் பயணச் செலவும் சேர்ந்தால், தாயைப் பார்ப்பது மாதத்துக்கு ஒரு முறை என்றாகிப் பின்னர் தீபாவளிக்கு ஒரு முறை என்றாகும். 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்ட முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மீது சுமத்துகின்றது. பராமரிப்புச் சபை முன் முறையிடவும் வழி செய்கின்றது. நல்ல சட்டம். எனினும், பணம் கொடு என்று கட்டளையிட முடியுமேயன்றி அருகில் இரு என்று எந்தச் சபை கட்டளையிட முடியும்? புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் மகன் தாயைக் கைவிட்டவனல்லன். தொலைவு அவனைக் கைவிட்டவனாகக் காட்டுகின்றது.

அண்மையை அரசின் கொள்கையாக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. 2015இல் அந்நாட்டு அரசு, பெற்றோருடனோ அவர்களுக்கு அருகிலோ மறுவிற்பனை வீடு வாங்கும் பிள்ளைகளுக்குத் தனி மானியம் வழங்கத் தொடங்கியது. 2018 முதல் ‘அருகில்’ என்பது நான்கு கிலோமீற்றருக்குள் என வரையறுக்கப்பட்டது. முதியவருக்கென்று 15 ஆண்டு முதலான குறுங்காலக் குத்தகையில், குறைந்த விலையில் சிறு வீடுகளையும் அந்நாட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் விற்கின்றது. டென்மார்க்கிலோ 1987இல் ஒரு சட்டத்தினால் பழைய பாணியிலான முதியோர் இல்லங்களைப் புதிதாகக் கட்டுவதையே நிறுத்தி, முதியவர் தம் கதவும் தம் அடுப்பும் உடையவராக வாழத்தக்க சிறு வீடுகளைக் கட்டலாயினர். செல்வ நாடுகள் என்று தள்ளிவிட வேண்டா. நாம் பார்க்க வேண்டியது அவர்கள் செலவிட்ட தொகையையன்று, அவர்கள் தூரத்தை அளந்தார்கள் என்பதை. ஆனால் சிங்கப்பூரின் நான்கு கிலோமீற்றரை அப்படியே மடுல்சீமைக்குக் கொண்டு வந்தால் சிரிப்புக்கிடமாகும். அங்கே அது மின்சார இரயிலில் சில நிமிடம். இங்கே அது அரைநாள் ஏற்றம். நமக்கு வேண்டிய அளவுகோல் கிலோமீற்றரன்று. கோலூன்றிய ஒரு கிழவி இளைக்காமல் நடக்கக் கூடிய தூரம்.

அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. ஏழு பேர்ச்சஸ் வீட்டின் வரைபடத்திலேயே, தனி வாயிலுடைய ஒரு பக்கவறைக்கு இடம் விட்டு அத்திவாரம் போடலாம். பணம் கிடைக்கும்போது குடும்பமே சுவரெழுப்பிக் கொள்ளும். பிள்ளைகள் தோட்டத்தில் இல்லாத முதியவருக்காக, புதிய குடியிருப்பு ஒவ்வொன்றிலும் பஸ் நிற்கும் தெருவை ஒட்டிய கீழ்ப்படியில் ஓரறை வீடுகள் சிலவற்றை ஒதுக்கலாம். இங்கே ஓர் அச்சமும் எனக்கு உண்டு. முதியவர்க்கென்று வரிசையாகப் பத்து அறை கட்டினால் அதுவும் ஒரு லயமே. ‘கிழவர் லயம்’ என்று பெயரும் வந்துவிடும். ஆகவே அவை மற்றை வீடுகளுக்கிடையே கலந்து நிற்க வேண்டும். இறந்தபின் அந்த வீடு யாருக்கு என்று சண்டை வரும் என்பதும் நியாயமான ஆட்சேபமே. முதியவருக்கு ஆயுட்கால உரிமையும், அவருக்குப் பின் அதே குடியிருப்பின் அடுத்த முதியவருக்கு உரிமையும் என்று முதலிலேயே எழுதி வைத்தால் சண்டைக்கு இடம் குறையும். பெயரை மட்டும் மகனுடைய பெயராக எழுதலாகாது. உரிமை முதியவர் பெயரில் இருந்தால், ‘அம்மா எங்களோடு இருக்கிறாள்’ என்பது ‘நாங்கள் அம்மாவோடு இருக்கிறோம்’ என்று மாறுவதைக் காணலாம். ஊவாவின் குடும்பங்களை அறிந்தவர்க்கு இவ்விரண்டுக்கும் உள்ள பேதம் விளங்கும்.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் இதில் ஒரு சிறு பணி செய்யலாம். புதிய குடியிருப்புக்கு இடம் குறிக்கப்படும்போது, மேல் வகுப்பு மாணவர் இருவரை அனுப்பி, அங்கிருந்து பஸ் நிறுத்தத்துக்கும் மருந்தகத்துக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் எத்தனை படி, எத்தனை ஏற்றம், ஒரு முதியவரோடு நடந்தால் எத்தனை நிமிடம் என்று எழுதி வரச் செய்யலாம். பிரதேச செயலாளரின் மேசைக்கு வரைபடங்கள் போகின்றன. அந்தக் கணக்குப் போவதில்லை.

பதுளை ஆஸ்பத்திரி வாயிலில் சந்தித்த மூதாட்டியிடம், எங்கே வீடு கிடைத்தால் நல்லது என்று நான் கேட்டிருந்தேன். அறை எத்தனை, கூரை ஓடா தகரமா என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். “ரோட்டுக்கிட்ட இருந்தாப் போதும் சார். மருமக கொழுந்து மடுவத்துக்குப் போறப்ப எட்டிப் பாத்துட்டுப் போவா” என்றார். அதற்குள் அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். கொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.